இந்த வருஷம் படித்த இளையோர் நாவல்கள்: பிடித்ததும் கடுப்பேற்றியதும்

மன்னார்குடியிலிருந்து:

இந்த வருஷம் நான் படித்ததெல்லாம் பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகள் என் தலையில் கட்டியவைதான். படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது.

மனதில் நின்றது சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. 2008இல் வந்தது, எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவைக்கும் போட்டி என்றதும், இதெல்லாம் ஒரு கதையா என்ற நினைப்போடுதான் பிரித்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தது சண்டை இல்லை, ரேஷன் கணக்கு. 12 வயதானால் போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பிள்ளையின் பெயர் சேரும், வருஷம் ஒரு சீட்டு கூடும். பசிக்கிற வீட்டுப் பிள்ளை தன் பெயரில் கூடுதலாக ஒரு சீட்டு போட்டால், ஓர் ஆளுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அம்மா, தங்கை, தான் என்று மூன்று பேருக்கும் வருஷாவருஷம் வாங்கியதில் 16 வயது கதாநாயகி கேட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. “அஞ்சு சீட்டு வயசுக்கு, பதினஞ்சு சோத்துக்கு அத்தை” என்றாள் அண்ணன் மகள்.

அப்புறம் பதினோராம் மாவட்டம். நாட்டுக்கே விளைவித்துக் கொடுக்கிற இடம். அப்படியானால் உங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமிருக்காதே என்று கேட்னிஸ் கேட்க, விளைச்சலில் கைவைத்தால் எல்லோர் முன்னாலும் சவுக்கடி என்கிறாள் ரூ என்ற சின்னப் பெண். நெல் நனைய நனையக் கொள்முதலுக்குக் காத்துக்கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தைச் சட்டென்று தாண்ட முடியவில்லை.

பிடிக்காதது வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’. 16 வயதில் ஐந்து பிரிவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதில் ஊருக்குச் சோறு போடுகிறவர்கள் சமாதானப் பிரிவு. சிவப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு, எந்நேரமும் சிரித்த முகம். அந்தப் பிரிவுப் பெண்கள் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில்கூட வட்டமாக உட்கார்ந்து கைதட்டி விளையாடுகிறார்கள். முறைத்தண்ணீருக்காக என் பெரியப்பா வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு நின்று போட்ட சண்டைகளைப் பார்த்தவர் யாரும் விவசாயியை இப்படி எழுதமாட்டார்.

இதைச் சொன்னதும் அவளுக்குக் கோபம். “அடுத்த பாகம் படிங்க. ரொட்டியிலேயே சாந்தமாக்குற மருந்தைக் கலந்துதான் குடுக்குறாங்க, சும்மா ஒண்ணும் சிரிக்கல.” சரி, அதற்கு மட்டும் மார்க் போடலாம். மறுபடி படிக்கச் சொன்னால் மாட்டேன்.

காட்டுமன்னார்கோவிலிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் பையன் இப்போதுதான் ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பித்திருக்கிறான். முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்கு அன்று எங்கள் வீராணம் ஏரிக்கரையில். வந்தியத்தேவன் ஏரியின் 74 கணவாய்களையும், அதாவது மதகுகளையும், எண்ணிக்கொண்டு வருகிறான் இல்லையா, நம்மாளும் எண்ண வேண்டுமாம், பைக்கில் கூட்டிப்போ என்று ஒரே நச்சு. ஆழ்வார்க்கடியான் தடியைத் தூக்குகிற இடமெல்லாம் இரண்டு தடவை படிக்கிறான். அரண்மனை ஆலோசனை வந்தால் கொட்டாவி. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான்.

திருவாரூரிலிருந்து:

என் ஓட்டு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு. கீழடியை வைத்து எழுதியது, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. தம்பி ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டான். அது ஒன்றுதான் குறை.

கடுப்பேற்றியவற்றின் பெயர் வேண்டாம். பத்துப் பக்கத்துக்கு ஒரு தாத்தா வந்து உபதேசம் செய்கிற வகை. பிள்ளைகளுக்கு ஏதாவது சிக்கல் வந்தால் அவர்களாக ஒரு முட்டாள்தனம் செய்யக்கூட விடுவதில்லை, அதற்குள் தாத்தா வந்துவிடுகிறார். தம்பி இப்போது புத்தகம் எடுத்தால் முதலில் கதையில் தாத்தா உண்டா என்றுதான் கேட்கிறான்.