கார் ஷெட் பட்டறை: கான்கிரீட் மேல் மரத்தளம் போடலாமா?

உளிப்பிடி:
கார் ஷெட்டைத் தச்சுப் பட்டறையாக மாற்றிவிட்டேன். கார் இனி உள்ளே வராது. கீழே வெறும் கான்கிரீட். மூன்று மணி நேரம் நின்றால் குதிகாலில் ஆரம்பித்து இடுப்புவரை வலி. போன வாரம் அப்போதுதான் தீட்டி வைத்த அரை அங்குல உளி கைதவறி விழுந்து, முனையில் ஒரு சில்லு போய்விட்டது. மறுபடி சாணை பிடித்து, கல்லில் தேய்த்து வாய் கொண்டுவர ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து மேலே 18 மி.மீ. பிளைவுட் போடப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கலவைச்சட்டி:
வேண்டாம். ஈரம்தான் காரணம். கான்கிரீட்டுக்குள் மயிரிழை போன்ற துளைகள் உண்டு. அவை வழியாக மண்ணின் ஈரம் மேலேறிக்கொண்டே இருக்கும். திறந்த தரையென்றால் காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. மரத்தால் மூடினால் அடியிலேயே தேங்கும். இப்படிப் போட்ட ஒரு தளத்தை இரண்டாம் வருடமே நான் பிரித்தேன். மேலே பார்க்கப் புதுசு போல இருந்தது. ரீப்பரைத் திருப்பினால் அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று, நகம் பட்டாலே உதிர்ந்தது. கரையானும் அந்த இருட்டு இடுக்கைத்தான் தேடி வரும். கால்வலிக்குக் கனமான ரப்பர் பாய் போதும்.

உளிப்பிடி:
பாய் போட்டுப் பார்த்தேன். நிற்கும் இடத்தில் சரி. ஆனால் உளி விழுவது பாய்க்கு வெளியேதான். மெஷினை உருட்டும்போது சக்கரம் பாய் விளிம்பில் முட்டி நிற்கிறது.

மரச்சீவல்:
கலவைச்சட்டி, நீங்கள் பிரித்த தளத்துக்கு அடியில் பாலிதீன் ஷீட் இருந்ததா?

கலவைச்சட்டி:
இல்லை. இருந்திருந்தாலும், ரீப்பரைக் கான்கிரீட்டோடு சேர்த்து முடுக்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஷீட்டில் ஓர் ஓட்டை போடும்.

மரச்சீவல்:
அப்படியானால் ரீப்பரே வேண்டாம். 0.15 மி.மீ. கனமுள்ள ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரித்து, இணைப்பில் டேப் ஒட்டி, ஓரத்தைச் சுவரில் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். அதன்மேல் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது கெட்டியான நுரைப் பலகை. பொருள் கட்டி வரும் மெத்தென்ற தெர்மாகோல் அமுங்கிப்போகும், அதை வாங்காதீர்கள். அப்புறம் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்பில் விழாதபடி. 20 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் இரண்டு அடுக்கையும் பிடிக்கும், கீழே வராது. சுற்றிலும் சுவருக்கு 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், மரம் உப்பினால் போக இடம் வேண்டும். எங்கள் தளம் இப்படித்தான் கிடக்கிறது, நடந்தால் தொம் தொம் என்ற சத்தமும் இல்லை.

கலவைச்சட்டி:
முறை நல்ல முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கீழிருந்து வரும் ஈரத்துக்கு. கார் ஷெட் தரை பெரும்பாலும் கதவுப் பக்கம் சரிவாக இருக்கும். பலத்த மழையில் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும் தண்ணீர் பிளைவுட்டின் விளிம்பைப் பிடித்தால்? அந்த ஷீட்டே தண்ணீரை மேலே தேக்கி வைக்கும். பட்டறையில் வெல்டிங் உண்டென்றால் பேச்சே வேண்டாம், பொறி விழும் இடத்தில் மரம் கூடாது.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 45 செ.மீ. சதுரமாகப் பாலிதீனை வெட்டித் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள்.

உளிப்பிடி:
வெல்டிங் கிடையாது. மூன்று இடத்தில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். பின்சுவர் ஓரமும் நடுவிலும் உலர்ந்திருக்கிறது. கதவோரம் ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர், கான்கிரீட்டும் கறுத்திருக்கிறது. கதவிலிருந்து ஒன்றரை மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, பெஞ்ச் இருக்கும் பின்பகுதிக்கு மட்டும் மரச்சீவல் சொன்ன மாதிரி போடுகிறேன்.

மரச்சீவல்:
நல்லது. மரம் முடியும் விளிம்பில் சரிவாக ஒரு கட்டை வையுங்கள். கால் இடறாது, சக்கரமும் ஏறும்.

கலவைச்சட்டி:
ஒரு நாள் சோதனையை நம்பி நான் பிளைவுட் வாங்க மாட்டேன். நல்ல மழை பெய்த மறுநாள் அதே மூன்று இடத்தில் இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு சொட்டு தெரிந்தாலும் இங்கே எழுதுங்கள்.