டயர்க் கம்பனிக்குத் தானாக ஓடும் காரில் என்ன வேலை?

கல்லடிக் காற்று:
நேற்று வேறொரு இழையில் மருதமுனை நெசவு எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். "கொன்டினென்டல் ஒரு டயர்க் கம்பனி. தானாக ஓடும் கார் ஆராய்ச்சியில் அதன் பெயர் வருவது, கலியாண வீட்டுக்குக் கதிரை வாடகைக்குக் கொடுத்தவன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதைப் போன்றது" என்கிறார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. தகவல்தான் பிழை. ஹேவ்இட் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டம் 2008 முதல் 2011 வரை நடந்தது. 17 பங்காளிகள், 28 மில்லியன் யூரோ. அதில் 17 மில்லியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். வொக்ஸ்வாகன் இருந்தது, வொல்வோ இருந்தது, ஜேர்மன் விண்வெளி ஆய்வு மையமும் இருந்தது. அத்தனை பேரையும் ஒருங்கிணைத்தது யார்? கொன்டினென்டல். கதிரைக்காரனிடம் கலியாணத்தையே நடத்தித் தரச் சொல்வார்களா?

மருதமுனை நெசவு:
ஒருங்கிணைத்தது என்றால் கூட்டம் கூட்டியது, கணக்கு எழுதியது. நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீற்றர் வரை தானாக ஓடக்கூடிய கார் யாருடையது? வொக்ஸ்வாகனுடையது. மூக்கில் முத்திரை இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. நூல் எங்கிருந்தோ வருகிறது, சாயம் எங்கிருந்தோ வருகிறது. வாங்குகிறவர்கள் மருதமுனைச் சேலை என்றுதான் கேட்கிறார்கள். நூல்காரனின் பெயரைக் கேட்டு இதுவரை ஒருவரும் வாசலுக்கு வந்ததில்லை.

கல்லடிக் காற்று:
காரில் நூல் எது, தறி எது என்று தெரியாமல் பேசுகிறீர்கள். முன்னால் போகும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் ரேடார், வீதிக் கோட்டைப் பார்க்கும் கமரா, இரண்டும் சொல்வதைச் சேர்த்துப் பிரேக்குக்குக் கட்டளை கொடுக்கும் கணினி, இவையெல்லாம் கார்க் கம்பனியின் கொல்லையிலா விளைகின்றன? 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏபிஎஸ், அதாவது அழுத்திப் பிடித்தாலும் சில்லு பூட்டிக்கொள்ளாத பிரேக், வந்தது. செய்து கொடுத்தது பொஷ் என்ற உதிரிப்பாகக் கம்பனி. மூக்கில் நட்சத்திரம் இருந்தபடியால் பொஷ்ஷுக்கு அதில் பங்கில்லை என்பீர்களா?

ஹேவ்இட்டில் கொன்டினென்டல் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலை என்னவென்று தெரியுமா? வீதித் திருத்த வேலை நடக்கும் இடம். பாதை ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் தடுப்பு, மறு பக்கம் லொறி. பழைய வெள்ளைக் கோட்டின் மேலேயே தற்காலிக மஞ்சள் கோடு. எதை நம்புவது என்று மனிதனே தடுமாறும் இடம் அது. கணக்குப்பிள்ளை போய் நிற்கும் இடமா?

கராஜ் தம்பி:
அண்ணனும் காக்காவும் கோபிக்கக் கூடாது. சென்ற வாரம் ஒரு கார் வந்தது, ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. சில்லைக் கழற்றிச் சென்சரை வெளியே எடுத்தேன். கொட்டைப்பாக்கு அளவுதான். காந்த முனையில் இரும்புத் தூள் மீசைபோல் அடர்ந்திருந்தது. பழந்துணியால் துடைத்து மாட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. அந்தச் சென்சரில் கார்க் கம்பனியின் பெயர் இல்லை, செய்தவனின் பெயர்தான் இருந்தது. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

மருதமுனை நெசவு:
சென்சர் துடைப்பதும் இப்போது ஆராய்ச்சியாகிவிட்டதா, தம்பி? அது சென்ற வருடம் கல்லடிக்காரர் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று இங்கே நற்சான்று கொடுத்த வகைக் கார்தானே? நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன்தான். அதை மறக்கவில்லை.

ஒருங்கிணைப்பு, ஒருங்கிணைப்பு என்று அதிலேயே தொங்குகிறாரே, அடுத்து வந்த அடாப்டிவ் திட்டம், 2014 முதல் 2017 வரை, ஒருங்கிணைத்தது வொக்ஸ்வாகன். எல்3 பைலட், 2017 முதல் 2021 வரை, 34 பங்காளிகள், அதுவும் வொக்ஸ்வாகன். ஒரே ஒரு தடவை தலைமை தாங்கியதற்கு இவ்வளவு மேளமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
இருவரும் பல்கலைக்கழகங்களை மறந்துவிட்டீர்கள். 1987இல் தொடங்கிய புரொமீதியஸ் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்தில் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் 1995இலேயே மியூனிக்கிலிருந்து டென்மார்க்குக்குக் காரை பெரும்பாலும் தானாகவே ஓடவைத்தார். அதைப் பற்றியும் சிறிது பேசலாமே.

கல்லடிக் காற்று:
வணக்கம் சேர், அது வேறு கதை. நெசவுக்கு ஒரு கேள்விதான். ஹேவ்இட்டை ஒருங்கிணைத்தது கொன்டினென்டலா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. காரைப் பற்றிய குறையைத் தனியாக எழுதுங்கள். நான் நற்சான்று கொடுத்தது காருக்கு. மூன்று வருடம் எண்ணெய் மாற்றாமல் ஓடிய முந்திய சொந்தக்காரருக்கு அல்ல.

பாடுமீன்:
சரியான எழுத்து கான்டினென்டல்.

கல்லடிக் காற்று:
நீங்கள் மட்டக்களப்பில் இருந்துகொண்டு கோப்பியைக் காப்பி என்றா குடிக்கிறீர்கள்? அந்தக் காவைச் சென்னைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பொத்துவில் பயணி:
அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றுப் பக்கம் பாதி வீதியில் நெல் காய்கிறது. கரையில் கல் அடுக்கியிருப்பார்கள், நடுவில் ஒரு கிழவர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பார். இந்தக் கமரா அதை என்னவென்று நினைக்கும்?

கல்லடிக் காற்று:
வீதி வாகனத்துக்கு. நெல் களத்துக்கு. உங்கள் மாவட்டத்து ஆட்களிடம் சொல்லுங்கள்.

மருதமுனை நெசவு:
எங்கள் மாவட்டமா? இரவில் வாழைச்சேனை வீதியில் நடுக்கோட்டில் படுத்து அசைபோடும் மாடுகள் எந்த மாவட்டம்? நெல்லாவது பகலில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு செய்தியும் சொல்கிறேன். 2025 செப்டெம்பரில் உங்கள் கொன்டினென்டல் அந்த ரேடார், கமரா, பிரேக் பகுதியை ஔமோவியோ என்ற பெயரில் தனிக் கம்பனியாகப் பிரித்து விட்டுவிட்டது. மிஞ்சியது டயரும் ரப்பரும். நான் முதலில் என்ன சொன்னேன்? டயர்க் கம்பனி.

கல்லடிக் காற்று:
2025இல் பிரித்தால் 2008இல் செய்தது அழிந்துவிடுமா? மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்த தகப்பனைப் பார்த்து, நீ அந்த வீட்டைக் கட்டவே இல்லை என்பீர்களா?

மருதமுனை நெசவு:
வீட்டைக் கட்டியது மேசன்.

கல்லடிக் காற்று:
மேசனையும் தச்சனையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து, யார் எந்த நாளில் எதைச் செய்வது என்று முடிவெடுத்தவன் யார்? அதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். 17 பங்காளிகள். ஆம் அல்லது இல்லை. இன்னும் பதில் வரவில்லை.

மருதமுனை நெசவு:
மூக்கில் யாருடைய முத்திரை? அதற்கும்தான் இன்னும் பதில் வரவில்லை.

கராஜ் தம்பி:
சென்சர் துடைத்த கூலியும்தான் இன்னும் வரவில்லை, நெசவுக் காக்கா. இங்கே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பொத்துவில் பயணி:
நெல்லைக் கமரா என்ன செய்யும் என்று கேட்டிருந்தேன்.