புதுப்பிப்பு: குடில் விளக்குகள் தானாக அணைந்ததற்குக் காரணம் கிடைத்தது

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்காக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டுடன், கூடுதலாக 16 பின் தரும் எம்சிபி23017 சிப்பைச் சேர்த்ததையும், விளக்குகளை ஆன்-ஆஃப் செய்யும் 16 ரிலேயும் திடீர் திடீரென்று அணைவதையும் போன வாரம் எழுதியிருந்தேன். ஒயரை மாற்றச் சொன்னீர்கள், மாற்றியும் சரியாகவில்லை.

கடைசியில் பார்த்தால், சிப்பின் 18-ஆம் கால் (பின்), அதாவது சிப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட், எதிலும் சேராமல் சும்மா கிடக்கிறது! விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே நட்சத்திரம் அணைந்தது. ரீசெட் ஆனதும் எல்லாப் பின்னும் இன்புட்டாகிவிடும், ரிலேவை இயக்காது, அதனால்தான் விளக்கு அணைந்தது. அந்தக் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் இணைத்தேன். மூன்று இரவாக ஒரு பல்புகூட அணையவில்லை, அவ்வளவு நிம்மதி.

அப்புறம், பூஜ்யம் கொடுத்தால் ஆன் ஆகும் ரிலே போர்டு என்றால், முதலில் எல்லாப் பின்னுக்கும் 1 எழுதிவிட்டு அதன் பிறகே அவுட்புட்டாக மாற்றுங்கள். இல்லையென்றால் தொடக்கத்திலேயே 16 ரிலேயும் ஒன்றாக 'டக்'கென்று அடிக்கும்.