மறு: ஜெனரல் அவரேஜ் – ‘கூட்டிழப்பு’ என்று வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை எல்லோரும் பங்குபோட்டுச் சுமக்கிற வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஜெனரல் அவரேஜ் என்று பெயர். அதற்கு நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ரீச்சர் எழுதியிருந்தது இது:

> அகராதியில் ஜெனரல் என்றால் பொது, அவரேஜ் என்றால் சராசரி. ‘பொதுச் சராசரி’ என்று வைத்தால் மூலத்தோடு ஒத்துப்போகும். பிள்ளைகளுக்கும் இலகு.

ரீச்சர், இது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உயர்தரத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிற பிள்ளை ‘சராசரி’யைக் கண்டதும் கூட்டி வகுக்கத் தொடங்கிவிடும். இங்கே சராசரி எடுக்கிற வேலையே இல்லை. கப்பல் தொழிலில் அவரேஜ் என்றால் சேதம் அல்லது நட்டம். பழுதான சரக்கைக் குறித்த ஓர் அரபுச் சொல் இத்தாலியருக்குப் போய் ‘அவாரியா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த நட்டத்தைப் பலர் மேலும் பிரித்துப் போடுகிற வழக்கத்திலிருந்துதான் கணக்குப் பாடத்துச் சராசரியே பிறகு கிளைத்தது.

இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரம் என்றால், கிளிநொச்சியில் ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனங்கற்கண்டு பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பெண்களுக்காக ஒரு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களின் பெட்டி கொழும்பில் வேறு பலரின் பெட்டிகளோடு ஒரே கொள்கலனில் ஏறி லண்டனுக்கோ பாரிசுக்கோ போகிறது. வழியில் கப்பலுக்கு ஏதாவது நடந்தால் ஒரு நாள் கடிதம் வரும்: இத்தனை வீதம் காசு கட்டு, அல்லது காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதம் கொண்டு வா, அதுவரை பெட்டி தரமாட்டோம் என்று. பெட்டிக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. பிறகு எதற்குக் காசு? இதற்கு விடை சொல்லத்தான் சொல் வேண்டும்.

எவர் கிவன் கப்பலை வைத்தே விளக்குகிறேன், எல்லோருக்கும் நினைவிருக்கும். 400 மீற்றர் நீளம், 59 மீற்றர் அகலம். மலேசியாவின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 18,300 கொள்கலன்களோடு ரொட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2021 மார்ச் 23 காலை புழுதிக்காற்றில் சுயெஸ் கால்வாய்க்குக் குறுக்கே திரும்பி, முன்பக்கம் கிழக்குக் கரைக்குள் புதைந்துவிட்டது. ஆறு நாள் அசையவில்லை. கரையைத் தோண்டினார்கள், தூர்வாரும் கப்பல் கொண்டுவந்து மண்ணை உறிஞ்சினார்கள், இழுவைக் கப்பல்களைக் கட்டி இழுத்தார்கள். மார்ச் 28 பூரணை. அந்தக் கடல்நீர்ப் பெருக்கும் கைகொடுத்து, 29ஆம் திகதி கப்பல் மிதந்தது. (கப்பல் இப்படி மண்ணில் மாட்டுவதற்கு ஒரு நண்பர் ‘கரைச்சிக்கல்’ என்று முன்மொழிந்திருந்தார். தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் ‘தரை தட்டிப்போச்சு’ என்பார்கள். ‘தரைதட்டல்’ போதும்.)

மிதக்க வைத்த செலவை யார் கொடுப்பது? கப்பல் சொந்தக்காரரான ஜப்பானிய நிறுவனம் ஏப்ரல் தொடக்கத்திலேயே ஜெனரல் அவரேஜ் அறிவித்தது. அதாவது, கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்றச் செய்த செலவு இது. ஆகவே காப்பாற்றப்பட்ட பொருளின் பெறுமதிக்கு ஏற்ப, கப்பல்காரரும் ஒவ்வொரு சரக்குக்காரரும் அதைச் சுமக்க வேண்டும். விளங்குவதற்காக ஒரு கணக்கு. கப்பலும் சரக்கும் சேர்ந்து 100 கோடி பெறும், மீட்புச் செலவு 5 கோடி என்று வையுங்கள். 20 இலட்சத்துக்குச் சரக்கு ஏற்றியவர் 1 இலட்சம் கட்ட வேண்டும். அவருடைய பெட்டி மேல்தட்டில் இருந்ததா அடியில் இருந்ததா, கப்பல் தரைதட்டியதில் அவர் பிழை ஏதும் உண்டா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

வழக்கம் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமச் சட்டத்தில் ரோட்ஸ் தீவின் பெயராலேயே இது இருக்கிறது: கப்பலின் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால், எல்லோருக்காகவும் இழந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். இன்று யோர்க்-அன்ட்வெர்ப் விதிகள் என்ற சர்வதேச விதிகளின் பெயரில் அதுவே நடக்கிறது.

இங்கே இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இந்த நியாயத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகத்துக்கு எல்லா வயலும் விதைக்க முடியாது. கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானித்து, காணிக்காரருக்குள் பங்கு பிரிப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவர் மட்டும் தனியே நட்டப்பட விடமாட்டார்கள். கைந்நூலில் இந்த உதாரணத்தைத்தான் வைக்கப் போகிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ‘பொது இழப்பு’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான் அண்ணை. ஆனால் எங்கள் நாட்டில் ‘பொது’ என்றதும் பொதுச்சேவை, பொதுச்சொத்து என்று அரசாங்கப் பக்கம் புத்தி போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எவர் கிவன் வழியை மறித்ததால் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் இரண்டு பக்கமும் காத்துக் கிடந்தன. ஆடு மாடு ஏற்றிய கப்பல்களும் அவற்றில் இருந்தன. சில கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. உலகமே நட்டப்பட்டது, உண்மை. அந்த நட்டத்தில் ஒரு சதமும் இந்தக் கணக்குக்குள் வராது. அது மட்டுமல்ல, அதே கப்பலில் சரக்கு ஏற்றியவருக்குத் தாமதத்தால் சந்தை தவறிப்போனால், அந்த நட்டமும் வராது. ‘பொது இழப்பு’ என்று எழுதினால் வாசிக்கிறவர் இவற்றையெல்லாம் உள்ளே சேர்த்துவிடுவார். காசு கட்ட வேண்டிய ஒருவர் தனக்குக் காசு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால் நிலைமை என்னவாகும்!

‘பங்கிழப்பு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பங்குச்சந்தையில் பங்கு விலை விழுந்ததை எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கும் சொல் அது. ‘கூட்டு நட்டம்’ பேச்சுக்கு நெருக்கம். கணக்கீட்டில் இலாப நட்டக் கணக்கு என்று நட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருப்பதால், வியாபாரம் படுத்துப்போனதாக அர்த்தம் கொடுக்கும்.

ஆகவே ‘கூட்டிழப்பு’ என்று முன்மொழிகிறேன். கூட்டு வியாபாரம், கூட்டுறவுச் சங்கம் என்னும்போது, சேர்ந்தவர்கள் யார் என்று தெரிகிறது, சேராதவர்கள் வெளியே நிற்கிறார்கள். ஒரே கப்பலில் ஒரே பயணத்தில் பொருளை வைத்தவர்கள்தான் அந்தக் கூட்டு. பின்னால் காத்து நின்ற 400 கப்பல்களும் அதில் இல்லை. அப்புறம், இதற்கு ஒரு சோடிச் சொல்லும் வேண்டும். 1906ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடற் காப்புறுதிச் சட்டம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வரையறுக்கிறது. கடல்நீர் புகுந்து ஒருவரின் மிளகாய்த்தூள் மட்டும் நனைந்தால் அதை அவரே சுமக்க வேண்டும். அது ‘தனியிழப்பு’. கூட்டிழப்பு, தனியிழப்பு என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், வாயில் தடங்கவில்லை. கூட்டிழப்புப் பங்கு, கூட்டிழப்புப் பிணை, கூட்டிழப்பு அறிவித்தல் என்று ஒட்டவும் செய்கிறது. எல்லோருக்காகவும் கடலில் எறிந்த சரக்கை ‘ஈகப்பொருள்’ எனலாம் என்று படுகிறது. ‘தியாகப் பொருள்’ வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள்.

சென்னை நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ‘காப்பீடு’ என்கிறீர்கள், நாங்கள் ‘காப்புறுதி’ என்கிறோம். அதற்காக இந்தச் சொல்லிலும் பிரிய வேண்டாம். இரண்டு கரையிலும் இன்னும் யாரும் பழகாத சொல் என்பதால் இப்போதே ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் முடியாதது ஒன்று: யார் யாருக்கு எத்தனை வீதம் என்று கணக்குப் போடுகிறவரை என்னவென்று அழைப்பது? ‘கூட்டிழப்புக் கணிப்பாளர்’ என்றால் வெறுமனே மதிப்பிடுகிறவர் போலத் தோன்றுகிறது. அவர் கடமை பிரித்துப் போடுவது. ‘பங்கீட்டாளர்’ என்றால் அரிசி, சீனி பங்கீடு நினைவுக்கு வருகிறது. எவர் கிவன் போன்ற ஒரு வழக்கில் சரக்குக்காரர் முதலில் பேசவேண்டிய ஆள் இந்தக் கணக்குப் போடுகிறவர்தான். கடிதத்தின் கீழே இவருடைய பதவிப் பெயர்தான் இருக்கும். அடுத்த கிழமை கைந்நூல் அச்சுக்குப் போவதற்குள் இந்த ஒரு சொல்லுக்காவது நல்ல வழி சொல்லுங்கள், ரீச்சர் முதலில்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து