81 வயசுல பியானோ கச்சேரி, எங்க மிஸ்ஸை வாசிக்க விடலாமா?

கீழ்ப்பாக்கம்_பிரபு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பியானோ சொல்லிக்குடுத்த மிஸ்ஸுக்கு இப்போ 81 வயசு. புரசைவாக்கம், வேப்பேரி பக்கம் டிரினிட்டி கிரேடு மியூசிக் பரீட்சை எழுதினவங்கள்ல பாதிப்பேர் அவங்ககிட்ட குட்டு வாங்கினவங்கதான். டிசம்பர்ல பழைய ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் சேர்ந்து எக்மோர்ல ஒரு ஸ்கூல் ஹால்ல ப்ரோக்ராம் வெக்கறோம், மிஸ்ஸுக்கு ஒரு பொன்னாடை போத்திட்டு நாங்க ஆளுக்கு ஒண்ணு வாசிக்கலாம்னுதான் பிளான், ஆனா அவங்க "பொன்னாடைய நீயே வெச்சுக்கோ, எனக்கு ஒரு மணி நேரம் குடு, நான் வாசிக்கறேன்"னுட்டாங்க. லிஸ்ட்டும் ரெடி. ஷூபர்ட்டோட கடைசி சொனாட்டா (பல பாகமா வர்ற பெரிய பியானோ பீஸ்), பி பிளாட், அது ஒண்ணே 40 நிமிஷம். அப்புறம் ஷோபான் முதல் பாலாட். எல்லாம் மனப்பாடமா!

போய் கேட்டேன். ஷூபர்ட் ஆரம்பத்துல அந்த அமைதியான ட்யூன் முடியற இடத்துல இடது கை அடியில ஒரு ட்ரில், ரெண்டு ஸ்வரம் மாறி மாறி நடுங்கற மாதிரி வருமே, மிஸ் அதை வாசிச்சப்போ எனக்கு மூச்சே விட தோணல. ஆனா பாலாட் கடைசி பக்கத்துல கை திணறி ரெண்டு தடவை நின்னுட்டாங்க. கேட்டா "இந்த கீ ஒட்டுதுப்பா"ங்கறாங்க, நிஜமா சாக்கான்னு தெரியல. அவங்க பையன் வெளிநாட்டுலேருந்து போன் பண்ணி "அம்மாவை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாதீங்க"ன்னு கத்தறார். என்ன பண்றது?

மந்தைவெளி_மாமா:

இதுல என்ன சார் யோசனை, தாராளமா வாசிக்கட்டும். ஆர்.கே. ஸ்ரீகண்டன் 90 தாண்டியும் பாடினார், மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன் 1935ல பிறந்தவர், 80க்கு மேலயும் மேடையில அந்த சொல்லுகள் எவ்ளோ தெளிவா விழுந்துது. நம்ம ஆடியன்ஸ் வயசானவாளை கைவிட மாட்டா.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நம்ம பாட்டுல வயசானா அரை கட்டை சுருதியை இறக்கிக்கலாம், மூச்சு வாங்கினா பின்னாடி உக்காந்திருக்கற சிஷ்யப் பிள்ளை அந்த வரியை எடுத்துப்பான், ஒரே வரியை விரிச்சு விரிச்சு பாடற நிரவல் வேணாம்னு தோணினா நேரா மிருதங்கத்தோட தனி ஆவர்த்தனத்துக்கு போயிடலாம், யாரும் கேக்கப் போறதில்லை. உங்க பியானோவுல எல்லாமே அச்சடிச்சிருக்கு, ஒரு ஸ்வரம் விட்டாலும் தெரிஞ்சவனுக்கு தெரிஞ்சுடும், கை குடுக்க பக்கத்துல ஆளும் கிடையாது. அதனால எதை வாசிக்கறாங்கங்கறதுல மட்டும் ஜாக்கிரதை.

இடதுகை_ஈஸ்வரி:

மாமா சொன்னதுதான் பாயின்ட். பெரிய பெரிய பியானிஸ்ட்டுங்களே வயசானப்புறம் லிஸ்ட்டைத்தான் மாத்தினாங்க. ரூபின்ஸ்டைன் 1975ல, 88 வயசுல, கண்ணு கிட்டத்தட்ட போன நிலைமையில, கிரீக், செயின்ட்-சான்ஸ், ஷோபான்னு கன்செர்ட்டோக்களை (ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கறது) கேமரா முன்னாடி வாசிச்சார், அடுத்த வருஷம் லண்டன் விக்மோர் ஹால் கச்சேரியோட நிறுத்திக்கிட்டார். அவரோட டெக்னிக்கை பால் பால்டெஸ்னு முதுமை பத்தி ஆராய்ஞ்ச சைக்காலஜிஸ்ட் உதாரணமாவே எடுத்து எழுதியிருக்கார்: வாசிக்கற பீஸ் எண்ணிக்கையை கொறைச்சார், அந்த கொஞ்சத்தை இன்னும் நிறைய பிராக்டிஸ் பண்ணினார், வேகமான இடம் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மெதுவா போனார், அதனால வேகம் இருக்கறதை விட ஜாஸ்தியா காதுல விழும். கில்லாடி மனுஷன்!

ஹொர்ஷோவ்ஸ்கி 1991ல பிலடெல்பியாவுல கடைசி ரெசிடல் (தனி கச்சேரி) குடுத்தப்போ 99 வயசு, கையும் ரொம்ப சின்ன கை. மெனாஹெம் ப்ரெஸ்லர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட முதல் முதலா வாசிச்சதே 90 வயசுலதான், அதுவும் மோட்ஸார்ட்தான், கையை ஒடிக்கற ராக்மனினோஃப் இல்ல. அவ்வளவு ஏன், 1941ல பிறந்த மார்த்தா ஆர்கரிச் 80 தாண்டியும் ப்ரோகோஃபியெவ் மூணாவது கன்செர்ட்டோவை பிச்சு ஒதறறாங்க, ஆனா தனியா ரெசிடல் குடுக்கறதை 1980கள்லயே கிட்டத்தட்ட விட்டுட்டாங்க, மேடையில தனியா இருக்கறது பிடிக்கலையாம். அவங்கவங்களுக்கு ஒரு வழி.

உங்க மிஸ்ஸுக்கு என் ஓட்டு: பாலாட்டை தூக்கிடுங்க. கடைசி பக்கம் பிரெஸ்டோ கோன் ஃபுவோகோ, அதாவது நெருப்பு மாதிரி படுவேகம், 25 வயசு பசங்களே அங்கதான் வழுக்கி விழறாங்க. பதிலுக்கு பிராம்ஸ் ஓபஸ் 117, மூணு இன்டர்மெட்சோ (சின்ன பீஸ்), 1892ல கடைசி காலத்துல எழுதினது, கை பறக்க வேண்டியதில்ல, ஆனா நடுவுல ஒளிஞ்சு போற ட்யூனை, அந்த உள்குரலை, தனியா எடுத்துக்காட்ட வாழ்நாள் அனுபவம் வேணும். மனப்பாடமும் வேணாம். ரிக்டர் மாதிரி பெரிய பியானிஸ்ட்டே கடைசி பத்து பதினஞ்சு வருஷம் ஹால் லைட்டை எல்லாம் அணைச்சுட்டு ஒரு சின்ன விளக்குல நோட்ஸை பார்த்துத்தான் வாசிச்சார். ஒரு ஸ்டூடன்ட்டை பக்கம் திருப்ப உக்கார வைங்க, ஐபேட் வேணாம், நடுவுல வாட்ஸப் மெசேஜ் வந்து தொலைக்கும்.

வெட்டு_ஒண்ணு:

எல்லாரும் உருகறீங்க, நான் பையன் பக்கம். பியானிஸ்ட் ஆல்ஃபிரெட் ப்ரெண்டல் 2008 டிசம்பர்ல வியன்னாவுல மோட்ஸார்ட் வாசிச்சு முடிச்சுக்கிட்டார், 77 வயசு, அப்போ வாசிப்பு நல்லாத்தான் இருந்தது. இன்னும் 16 வருஷம் உயிரோட இருந்தார், எழுதினார், பேசினார், மேடை பக்கம் பியானோவோட வரல. அதுக்கும் ஒரு தைரியம் வேணும். பழைய ஸ்டூடன்ட்ஸ் கூட்டம் எதுக்கு வேணா எழுந்து நின்னு கை தட்டும், அது வாசிப்புக்கு விழற கைதட்டா வயசுக்கு விழற கைதட்டா? 60 வருஷம் காதை தீட்டி வெச்ச ஒரு டீச்சருக்கு அந்த வித்தியாசம் தெரியாதுன்னா நினைக்கறீங்க?

இடதுகை_ஈஸ்வரி:

தெரியும். அதனாலதான் அவங்களே முடிவு பண்ணட்டும்ங்கறேன், பையனும் இல்ல நாமளும் இல்ல. ப்ரெண்டல் முடிவை ப்ரெண்டல்தான் எடுத்தார். அப்புறம், உங்க ப்ரெண்டல் அந்த ஷூபர்ட்ல முதல் மூவ்மென்ட் (முதல் பாகம்) ஆரம்பத்தை திரும்ப வாசிக்கற ரிப்பீட்டை வேணும்னே விட்டவர், பிரபு அதை மிஸ்கிட்ட சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் மிச்சமாகும்.

பிசியோ_அயனாவரம்:

ஷார்ட்டா சொல்றேன். 1996ல கிராம்ப்பே, எரிக்ஸன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வயசான பியானிஸ்ட்டுங்களை டெஸ்ட் பண்ணினாங்க, பொதுவான வேகத்துல மத்தவங்க மாதிரியே அவங்களும் ஸ்லோ ஆயிருந்தாங்க, ஆனா விரல் வேலையில மட்டும், வயசானப்புறமும் விடாம பிராக்டிஸ் பண்ணினவங்களுக்கு சரிவு ரொம்ப கம்மி. அதனால தினமும் வாசிக்கட்டும், ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரம் இல்ல, இருபது இருபது நிமிஷமா. நம்ம ஊர் ஹால்ல ஏசியை 18ல வெச்சு ஆளை ஒறைய வெப்பாங்க, சில்லுன்னு ஆன விரல் ஓடாது. மேடை ஏற முன்னாடி வெதுவெதுன்னு தண்ணில கை முக்கி எடுங்க, பியானிஸ்ட் கிளென் கூல்டு சின்ன வயசுலயே அப்படித்தான் பண்ணுவார். ஸ்டூல் உயரத்தையும் பாருங்க, தோள் தூக்கிக்கிட்டு வாசிச்சா பாதியிலயே களைச்சுடுவாங்க.

ட்யூனர்_பெரம்பூர்:

சார் கீ ஒட்டுதுன்னு மிஸ் சொன்னா நம்புங்க. ஐப்பசி மழை ஆரம்பிச்சா மெட்ராஸ்ல பாதி வீட்டு பியானோ இப்படித்தான். கீக்கு அடியில பின் போற ஓட்டையில ஒரு ஃபெல்ட் துணி இருக்கும், ஈரத்துல அது ஊதிக்கும், கீ போகும் ஆனா சட்டுனு மேல வராது. நல்ல பியானோல ஒரு கீயை அமுத்த 50 கிராம் சுமார் வெயிட் போதும், ஒட்டற பியானோல ஏறிடும், 20 வயசு பையன் கவனிக்க மாட்டான், 81 வயசு விரலுக்கு ஒவ்வொரு கிராமும் தெரியும். அதே நோட்டை வேகமா திரும்ப அடிக்கற இடத்துலதான் மாட்டும். பெரிய வேலை இல்ல, ஃபெல்ட்டை லேசா இடுக்கியால அமுக்கி விட்டா சரி.

ஹால் பியானோவை முதல்ல பாருங்க. ஸ்கூல் பியானோன்னா வருஷம் பூரா பூட்டி வெச்சு மேல கப்பு ஷீல்டு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஏசியை கச்சேரி அன்னைக்கு சாயந்திரம் போட்டா சுருதி நகர்ந்துடும், முந்தின நாளே போட சொல்லுங்க, அப்புறம் ட்யூன் பண்ணணும்.

கீழ்ப்பாக்கம்_பிரபு:

எல்லாருக்கும் தேங்க்ஸ். மொத்தத்தையும் மிஸ்ஸுக்கு படிச்சு காமிச்சேன். பிராம்ஸுக்கு ஓகே, "117 எனக்கு தெரியாதான்னு அந்த பொண்ணுகிட்ட கேளு"ன்னாங்க. நோட்ஸ் வெச்சுக்கறாங்க, பக்கம் நான் திருப்பறேன். ரிப்பீட்டை மட்டும் விட மாட்டாங்களாம், ரிப்பீட்டுக்கு முன்னாடி ஷூபர்ட் சில பார் (தாளக் கட்டு) தனியா எழுதியிருக்கார், ரிப்பீட்டை விட்டா அதுவும் போயிடும், எழுதினவனுக்கு தெரியாதது ப்ரெண்டலுக்கு தெரியுமோன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. வெட்டு_ஒண்ணு கேட்டதுக்கு பதில், தப்பு வந்தா எழுந்து கை தட்டறவனை பேர் சொல்லி உக்கார சொல்வாங்களாம். சொல்லக்கூடியவங்கதான். பையன் இன்னும் ஒத்துக்கல, டிக்கெட் மட்டும் போட்டுட்டார்.

ட்யூனர் அண்ணே, வீட்டு பியானோவை எப்போ பார்க்கலாம்?

ட்யூனர்_பெரம்பூர்:

மழை விட்ட ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், இன்பாக்ஸ்ல அட்ரஸ் போடுங்க. அதுவரைக்கும் பியானோவுக்குள்ள பாச்சை உருண்டை எதுவும் போட்டு வெக்காதீங்க.