ஆட்டிசம் உள்ள மகன் நான்கு உணவுகளைத் தவிர எதையும் தொடுவதில்லை: கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி: மடிப்பாக்கம் அம்மா

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயதாகிறது. ஆட்டிசம் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்துவிட்டார்கள். முறுகலான தோசை, தாளிக்காத தயிர் சாதம், அப்பளம், ஒரு குறிப்பிட்ட பிஸ்கட் ஆகிய நான்கைத் தவிர அவன் வேறெதையும் வாயில் வைப்பதில்லை. தோசையிலும் முறுகிய ஓரத்தை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை வட்டமாக அப்படியே விட்டுவிடுவான். தயிர் சாதத்தில் ஒரு கடுகு தென்பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். பெருங்காயம் பொரியும் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடிவிடுவான். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் மூடியைத் திறந்தாலே அவனுக்குக் குமட்டுகிறது.

"இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவான்" என்கிறார் மாமியார். பேரன் மீதுள்ள பாசத்தில்தான் சொல்கிறார். நாத்தனாரோ, கேரட்டை அரைத்துத் தோசை மாவில் அவனுக்குத் தெரியாமல் கலந்துவிடச் சொல்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. இந்த நிலையைக் கடந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி அளிப்பவர்), அண்ணா நகர்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இரண்டையுமே செய்ய வேண்டாம். குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய, ஆட்டிசத்தை விரிவாக விவரித்த கட்டுரையிலேயே உணவூட்டுவதில் இருந்த சிக்கல்கள் பதிவாகியுள்ளன. ஒலி, மணம், தொடுவுணர்வு போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, 2013இல் வெளிவந்த, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய உதவும் அமெரிக்காவின் டிஎஸ்எம்-5 கையேடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாகவே சேர்த்தது. ஆகவே இது பிடிவாதமும் அல்ல, நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் அல்ல.

பிஸ்கட் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே அளவு, ஒரே மொறுமொறுப்பு. நம் வீட்டு இட்லியோ, மார்கழியில் மாவு சரியாகப் பொங்காமல் கெட்டியாகவும், சித்திரை வெயிலில் சட்டென்று புளித்தும் போகிறது. கத்தரிக்காய் ஒரு நாள் குழைகிறது, மறுநாள் விதை பல்லில் தட்டுப்படுகிறது. நாம் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு, வாயில் என்ன நேரப்போகிறதோ என்ற அச்சத்தை அவனுக்குத் தருகிறது. அவன் நம்பிச் சாப்பிடும் தோசைக்குள் கேரட்டை ஒளித்து, அதை அவன் கண்டுபிடித்துவிட்டால், தோசையும் பட்டியலிலிருந்து போய்விடும். பட்டினி போடுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் ஆட்டிசம் உள்ள பலருக்குப் பசி என்ற உணர்வே தெளிவாக எட்டுவதில்லை.

அவன் ஏற்கும் உணவிலிருந்து ஓர் அடி மட்டும் நகருங்கள். உளுந்து அப்பளத்திலிருந்து அரிசி அப்பளம், பிறகு மெல்லிய வாழைக்காய் வறுவல். முறுகல் தோசையிலிருந்து, அதே மொறுமொறுப்பில் மெல்லிதாக வார்த்த அடை. எதைச் சேர்த்தாலும் அவன் கண்ணெதிரே சேருங்கள். புதிய உணவைத் தனிக் கிண்ணத்தில் சற்றுத் தள்ளி வையுங்கள். அதைப் பார்ப்பதும், முகர்வதும், விரலால் தொடுவதும், நாக்கில் வைத்துத் துப்புவதும்கூட முன்னேற்றமே. நாற்காலியில் அமர்ந்தால் கால் தொங்காதபடி ஒரு பலகை வையுங்கள். மிக்சியையும் குக்கரையும் அவன் சாப்பிடும் நேரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

பதில்: பெருங்குடியில் பணிபுரிபவர்

எனக்கே ஆட்டிசம் உண்டு என்பதால், உங்கள் மகன் இடத்திலிருந்து சொல்கிறேன். சாம்பார் சாதம் எனக்கு ஒரே உணவு அல்ல. குழைந்த சோறு, முருங்கைக்காய் நார், வழுக்கும் வெங்காயம், இடையே சிக்கும் கறிவேப்பிலை எல்லாம் ஒரே கவளத்தில் மோதுகின்றன. கல்யாணப் பந்தியில் ரசம் ஓடிவந்து பொரியலைத் தொட்டுவிட்டால் அந்த இலையில் எனக்கு எதுவும் மிஞ்சாது. பள்ளி நாட்களில் உணவைவிட என்னை வாட்டியது, சுற்றி நின்று "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று என் வாயையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பிரிவுகள் உள்ள தட்டில் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். யாரும் அவனைக் கவனிக்காமல் தத்தம் தட்டைப் பார்த்துச் சாப்பிடட்டும். நான் இன்றும் பசிக்காகக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்தே சாப்பிடுகிறேன். அவனுக்கும் நேரம் மாறாமல் இருப்பது உதவக்கூடும்.

பதில்: ஒரு தந்தை, தாம்பரம்

சகோதரி, சிரப்பைத் தயிர் சாதத்தில் கலந்துவிடாதீர்கள். சுவை மாறி அவன் அதை விட்டுவிடுவான் என்பது ஒருபுறம். பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது மறுபுறம். வேறு சுவையிலோ சொட்டு மருந்தாகவோ கிடைக்குமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். பழமும் காயும் அறவே இல்லாததால் வைட்டமின் சி பற்றியும் பேசுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கால் வலியால் நடக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். மலச்சிக்கலும் சொத்தைப் பல்லும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை சாப்பாட்டைத்தான் மறுக்கும்.

கோதுமையையும் பாலையும் அறவே நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதற்குப் போதிய சான்று இல்லை. தயிரையும் பிஸ்கட்டையும் பறித்துவிட்டால் உங்கள் மகனுக்கு என்ன மிஞ்சும்? எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

மடிப்பாக்கம் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். இனித் தாளிப்பதை அவன் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். பள்ளியில் மதிய உணவு டப்பாவைக் காலி செய்யாமல் விளையாட விடுவதில்லை. அங்கே என்ன சொல்வது?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அண்ணா நகர்

வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், எழுதிக் கொடுங்கள் அம்மா. அவன் சாப்பிடும் உணவுகள் இவை, மீதி வைத்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம், விளையாட்டு நேரத்தை இதற்காக நிறுத்த வேண்டாம், சத்தம் அதிகமிருந்தால் வகுப்பறையிலேயே அமர்ந்து சாப்பிட அனுமதியுங்கள் என்ற நான்கு வரிகள் போதும். மருத்துவரின் குறிப்பையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.