பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். இரண்டு மாதமாகக் காலையில் இரணைமடுக் குளக்கட்டில் அரைமணி நேரம் இருக்கிறேன். கண்ணை மூடுவதில்லை, மந்திரமும் இல்லை. எதிரே தெரிவதை நல்லது கெட்டது என்று பிரிக்காமல் பார்ப்பது மட்டும்தான். 1964 இல் சமாதியடைந்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் இளவயதில் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் சொல்லிவந்த 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும்போது மனம் அடங்கிவிடுகிறது. பிறகு மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். 'யாருடைய மணல், எந்த ஆற்றில் அள்ளியது' என்று உள்ளே வழக்குமன்றம் கூடிவிடும். மூச்சைக் கவனி என்கிறார் நண்பர். எனக்கென்னவோ அது டிப்பரிடமிருந்து தப்பி ஓடுவதுபோல் இருக்கிறது.

பழகியவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கோபத்தையும் நீர்க்காகத்தைப் போலவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? அப்படியானால், அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பரந்தன், முறிகண்டிப் பக்கம் இதற்காகக் கூடி அமர்பவர்கள் இருந்தால் இடத்தையும் நேரத்தையும் அறியத்தாருங்கள். ஞாயிறு என்றால் நல்லது. மற்ற நாட்களில் எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும்.